மனையா, அடுக்குமாடியா, நகரியமா? 20,000 சதுர மீட்டர் கோட்டின் எந்தப் பக்கம் நிற்பது

சென்னைப் புறநகரிலோ கோவையிலோ இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களும், அதைக் கூட்டு ஒப்பந்தத்தில் எடுக்கும் கட்டுநர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படாத அளவோடு நிறுத்திக்கொள்ளலாமா, அனுமதி வாங்கிப் பெரிதாகவே கட்டலாமா, இல்லை மனையாகப் பிரித்து விற்றுவிட்டுப் போய்விடலாமா? பெரும்பாலும் இதற்கான பதில் பயத்திலிருந்து வருகிறது, அல்லது "பக்கத்து சைட்காரர் வாங்கவே இல்லையே" என்ற துணிச்சலிலிருந்து. கணக்குப் போட்டு முடிவெடுப்பவர்கள் குறைவு. ஆனால் இது முழுக்க முழுக்கக் கணக்கு விஷயம். அந்தக் கணக்கை வரைபடம் போடும்போதே முடித்துவிட வேண்டும்.

அடிப்படை விதி 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன் அட்டவணையில் 8ஆவது இனம் கட்டுமானத் திட்டங்களுக்கானது. 8(ஏ) என்பது 20,000 சதுர மீட்டர் முதல் 1,50,000 சதுர மீட்டருக்குள் கட்டடப் பரப்பு வரும் திட்டங்கள். 8(பி) என்பது 1,50,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும், அல்லது நிலப்பரப்பே 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் வரும் நகரியங்கள். சதுர அடியில் சொன்னால் முதல் கோடு ஏறத்தாழ 2.15 லட்சம், இரண்டாவது 16.15 லட்சம். 50 ஹெக்டேர் என்பது சுமார் 123.5 ஏக்கர்.

2020இல் வந்த வரைவு அறிவிக்கை இறுதியாகவில்லை. அதிலிருந்த தளர்வுகளைச் சொல்லி "இப்போதெல்லாம் வேண்டாம் சார்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கட்டடப் பரப்பு. தவறு நடப்பது அதிகம் இங்கேதான். திட்ட அனுமதிக்கு நீங்கள் கணக்கிடும் எஃப்.எஸ்.ஐ. (நிலத்தைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீடு) பரப்பு வேறு, சுற்றுச்சூழல் அனுமதிக்கான கட்டடப் பரப்பு வேறு. பின்னது எல்லாத் தளங்களையும், அடித்தளம், வாகன நிறுத்தம், பம்ப் அறை, ஜெனரேட்டர் அறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வரை சேர்த்த மொத்தம்.

இரண்டு ஏக்கர் நிலம், அதாவது 8,094 சதுர மீட்டர். உயரமில்லாக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 16,187 வரை கட்டலாம். வீட்டுக்கு 115 என்று வைத்து 140 வீடு போட்டால் 16,100. "இருபதாயிரத்துக்கு இன்னும் நாலாயிரம் இடைவெளி இருக்கிறது" என்று கட்டடக்கலைஞர் சொல்வார். அவர் சொல்வது எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சரி. ஆனால் 140 காருக்கு, சுற்றிவரும் பாதையோடு தலைக்கு 30 சதுர மீட்டர் வைத்தால் தரைத்தள நிறுத்தம் மட்டும் 4,200. சேவை அறைகளுக்கு ஒரு 400. மொத்தம் 20,700. கோட்டைத் தாண்டியாயிற்று.

இடம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம், மலைப்பகுதி கிராமங்களுக்கான ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி, காப்புக்காடு, நீர்நிலைப் புறம்போக்கு ஆகிய எதுவும் 20,000 கணக்கைப் பார்ப்பதில்லை. மேல்மலையில் ஒரு சிறு விடுதி கட்டினாலும் ஹாகா கேள்வி வரும். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தருவதையே நிறுத்தி வைக்கச் சொன்னது. அப்படிப்பட்ட இடத்தில் சின்னத் திட்டம், பெரிய திட்டம் என்ற ஒப்பீட்டுக்கே வேலையில்லை.

கழிவுநீர் போகுமிடம். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பது மற்ற எல்லாவற்றையும் விட முடிவை மாற்றும். கீழே விரிவாக வருகிறது.

காலமும் வட்டியும். அனுமதி வரும்வரை நிலத்தில் கிடக்கும் பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டி முடித்த பிறகான கடமை. பலர் கணக்கிலேயே எடுக்காதது இது.

## ஒரே பார்வையில்

| | மனைப்பிரிவு, 50 ஹெக்டேருக்குள் | 20,000க்குக் கீழ் கட்டடம் | 8(ஏ) | 8(பி) |
|---|---|---|---|---|
| சுற்றுச்சூழல் அனுமதி | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும், பி2 (முழு அறிக்கை தேவைப்படாத வகை) | வேண்டும், பி1 (முழு அறிக்கை தேவைப்படும் வகை) |
| முழுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை | இல்லை | இல்லை | இல்லை. படிவமும் கருத்துரு வரைபடமும் | உண்டு. முதலில் ஆய்வு வரையறை (எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற பட்டியல்) |
| பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் | இல்லை | இல்லை | இல்லை | இல்லை |
| கள அளவீடு | இல்லை | இல்லை | மண், நிலத்தடி நீர் போன்றவை | மழைக்காலம் தவிர்த்த ஒரு முழுப் பருவம் |
| அரையாண்டு அறிக்கை | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| பெரிய ஆபத்து | பின்னாளில் வில்லா கட்டி விற்பது | பரப்புக் கணக்குப் பிசகு, விரிவாக்கம் | நீர்ச் சமநிலை, வடிகால் | பருவம் தவறுதல், கட்டங்கள் மாறுதல் |

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பயப்படுபவர்களுக்காக அந்த வரிசை. 8ஆவது இனத் திட்டங்களுக்கு அது கிடையாது. அதற்காக ஊருக்கு வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அனுமதி ஆணை வந்தபின் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் யாரும் மேல்முறையீடு செய்யலாம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தாமதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கலாம்.

## மனைப்பிரிவு

நிலத்தைப் பிரித்துச் சாலை போட்டு மனையாக விற்றால் கட்டடப் பரப்பு என்று ஒன்றே இல்லை. 50 ஹெக்டேருக்குள் இருக்கும்வரை அறிவிக்கை தொடாது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, அவ்வளவுதான்.

மறைசெலவு நிலத்திலேயே இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் திறந்தவெளி ஒதுக்கீடு 10 சதவீதத்தை நிலமாகவே தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், பணமாகக் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 வரை அந்த வாய்ப்பு உண்டு. சாலைக்குப் போகும் பரப்பு தனி.

வில்லா விஷயத்தில்தான் சிக்கல். மனை வாங்குபவரிடமே கட்டுமான ஒப்பந்தமும் போட்டு, ஒரே மாதிரி 120 வில்லா, கிளப் ஹவுஸ், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்று போனால் அது கட்டுமானத் திட்டம். வில்லாவுக்கு 180 சதுர மீட்டர் என்றாலும் 21,600 வந்துவிடும். "நாங்கள் மனைதான் விற்றோம்" என்ற வாதத்துக்கு உங்கள் விளம்பரத் தாளே எதிர்ச்சாட்சி.

ஊருக்கு வெளியே, சாக்கடை இணைப்பு இல்லாத, வீட்டு விற்பனை மெதுவாக இருக்கும் இடத்தில் இதுவே நல்ல வழி. நகருக்குள் நிலமதிப்பு எகிறிய இடத்தில் மனையாக விற்பது கையில் இருப்பதை விட்டுக்கொடுப்பது.

## 20,000க்குக் கீழே நிறுத்துவது

மேலே சொன்ன 140 வீட்டுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டுக்குக் கீழே வர வீட்டைக் குறைக்க வேண்டும்; ஒரு வீட்டைக் குறைத்தால் அதன் கார் நிறுத்தத்தோடு 145 சதுர மீட்டர் குறையும். ஒன்பது வீட்டைக் குறைத்தால் 19,395. ஆறு வீட்டைக் குறைத்தாலே 19,830 ஆகிவிடுமே என்று கேட்கலாம். அவ்வளவு ஒட்டி நிற்கக் கூடாது. மொட்டைமாடியில் ஒரு பொது அறை, மூடிய பால்கனி, மாற்றி அமைத்த டிரான்ஸ்பார்மர் அறை என்று களத்தில் 200 சதுர மீட்டர் கூடுவது எங்கும் நடப்பது.

இப்போது பணக் கணக்கு. வீட்டுக்கு 115 சதுர மீட்டர் என்பது சுமார் 1,240 சதுர அடி. சதுர அடிக்கு 1,500 ரூபாய் லாபம் என்று வைத்தால் ஒரு வீட்டில் 18.6 லட்சம், ஒன்பது வீட்டில் சுமார் 1.67 கோடி. நிலத்திலும் முன்பணத்திலும் 20 கோடி முடங்கியிருக்கிறது, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 20 லட்சம் போகிறது. அனுமதிக்கான ஆலோசகர் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், நிபந்தனைப்படி கூடுதலாகச் செய்ய வேண்டியவை எல்லாவற்றுக்கும் 50 லட்சம் ஒதுக்கினால் மிச்சம் 1.17 கோடி. அதாவது ஏறக்குறைய ஆறு மாத வட்டி. ஆறு மாதத்துக்குள் அனுமதி வருமானால் ஒன்பது வீட்டையும் கட்டுவது லாபம், அதற்கு மேல் இழுத்தால் குறைத்துக் கட்டியதே லாபம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். முடங்கிய பணமும் சதுர அடி லாபமும் மாறினால் பதிலும் மாறும்.

கோட்டுக்கு மிக அருகில் இருப்பவர்கள் குறைத்துக்கொள்வதுதான் என் கருத்தில் சரி. 22,000 வரைக்கும் இந்தக் கணக்கைப் போடலாம். அதற்கு மேல் போய்விட்டால் வீட்டைக் குறைத்துக் குறைத்து நிலத்தை வீணாக்குவதில் அர்த்தமில்லை.

இந்த வழியின் பொறி விரிவாக்கம். இன்று 18,000 கட்டி முடித்து, மூன்று வருடம் கழித்துப் பின்புற நிலத்தில் 4,000 சேர்த்தால் மொத்தம் கோட்டைத் தாண்டும், அனுமதியும் தேவைப்படும். பின்புற நிலம் உங்கள் கையில் இருக்கிறது, கட்டவும் போகிறீர்கள் என்றால் முதலிலேயே மொத்தத்துக்கும் அனுமதி வாங்குங்கள்.

பள்ளி, கல்லூரி, விடுதி, தொழிற்கூடக் கொட்டகை கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 முதல் இவற்றுக்கு விலக்கு பேசப்பட்டது, 2025 ஜனவரி 29 அறிவிக்கையிலும் அது வந்தது. 2025 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ஏற்று, இந்த விலக்கை மட்டும் ரத்து செய்தது. பழைய விலக்கை நம்பி வரைபடம் போட்ட கல்லூரி நிர்வாகங்கள் பரப்பைத் திரும்ப எண்ணிப் பார்ப்பது நல்லது.

## 8(ஏ): அனுமதி வாங்கிக் கட்டுவது

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும், மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கும். சென்னையில் எல்லோரும் "சியா" என்றுதான் சொல்கிறார்கள். விதிப்படி குழுவுக்கு 60 நாள், ஆணையத்துக்கு 45 நாள், ஆக 105. நாள் கடந்தும் ஆணையம் பேசாவிட்டால் குழுவின் பரிந்துரையையே முடிவாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்டுப் பாருங்கள்.

அந்த 105 நாள் முழுமையான விண்ணப்பத்துக்குத்தான். ஒவ்வொரு கூடுதல் விவரக் கேள்வியும் கடிகாரத்தை நிறுத்துகிறது. இன்னொன்று, ஆணையத்தின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. அது முடியும் தறுவாயில் விண்ணப்பித்தால் கோப்பு டெல்லிக்கு மத்தியக் குழுவிடம் போகவோ, புதிய ஆணையத்துக்காகக் காத்திருக்கவோ நேரலாம். விண்ணப்பிக்கும் முன் பதவிக்காலம் எப்போது முடிகிறது என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கேள்விகள் எங்கே வருகின்றன? முதலிடம் நீர்ச் சமநிலைக்கு. 140 வீட்டுக்குத் தலா ஐந்து பேர், 700 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர்: 90 நன்னீர், 45 கழிவறை நீர். நன்னீரில் 80 சதவீதமும் கழிவறை நீர் முழுவதும் கழிவாக வந்தால் தினம் ஏறத்தாழ 82,000 லிட்டர். சுத்திகரித்ததில் கழிவறைக்குத் திரும்பப் போவது 31,500, தோட்டத்துக்கு 5,000, 6,000. மீதம் ஏறக்குறைய 44,000 லிட்டர். தினமும் நான்கு டேங்கர் லாரி அளவு தண்ணீர். இது எங்கே போகிறது?

சாக்கடை இணைப்பு இருந்தால் உள்ளாட்சியின் கடிதம் போதும். இல்லாத இடத்தில் "பசுமைப் பகுதிக்குப் பயன்படுத்துவோம்" என்று ஆலோசகர் எழுதிக் கொடுப்பார். 1,200 சதுர மீட்டர் தோட்டத்தில் தினம் 50,000 லிட்டர் ஊற்றினால் அது தோட்டம் அல்ல, வயல். குழு உறுப்பினர்கள் வகுத்துப் பார்ப்பவர்கள். பக்கத்து ஏரி வரத்துக்கால்வாயில் விடுவோம் என்று எழுதினால் இன்னும் மோசம். சாக்கடை இல்லாத ஊரில் 8(ஏ) திட்டம் எடுக்கும் முன், மிச்ச நீருக்கு எழுத்தில் ஒரு ஏற்பாடு கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் மனைப்பிரிவுக்குத் திரும்புவதே உத்தமம்.

இரண்டாவது கேள்வி வெள்ளம். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, அதில் சொல்லும் தரைமட்ட உயரம், மழைநீர் வடிகால் சேரும் இடம் மூன்றும் உங்கள் வரைபடத்தோடு பொருந்த வேண்டும். துறை தரையை உயர்த்தச் சொல்லியிருக்க, வரைபடத்தில் அடித்தள நிறுத்தத்தின் சரிவுப்பாதை பழைய மட்டத்திலேயே தொடங்கினால் கோப்பு திரும்பி வரும்.

மூன்றாவது மரமும் மழைநீரும். 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம், 5,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கு ஒரு நீர்செறிவுக் கிணறு என்பவை வழக்கமான நிபந்தனைகள். இரண்டு ஏக்கருக்கு 101 மரம். அடித்தளத்தை எல்லைச் சுவர் வரை நீட்டிவிட்டால் அந்த 101 மரத்துக்கும் மண் எங்கே? அடித்தளத்தை உள்ளே இழுக்க வேண்டியது வரைபடத்தின் முதல் நாளில், அனுமதி நிபந்தனை வந்தபின் அல்ல.

ஆணை கைக்கு வரும்வரை தளத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. சுற்றுவேலி போடலாம், காவலருக்குத் தற்காலிகக் கொட்டகை போடலாம். மண் தோண்டுவதும் நிரவுவதும் கட்டுமானத் தொடக்கம்.

வந்த பிறகு 7 நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில், ஒன்று வட்டார மொழியில், அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 அன்று நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை. அனுமதி 10 ஆண்டு செல்லும். வீட்டு எண்ணிக்கையோ தள எண்ணிக்கையோ மாறினால் திருத்தம் வாங்க வேண்டும். சங்கத்திடம் ஒப்படைத்தபின் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணமும் ஆள் சம்பளமும் குடியிருப்போர் தலையில். அந்தச் செலவை மறைத்துக் குறைந்த பராமரிப்புக் கட்டணம் சொல்லி விற்ற திட்டங்களில், இரண்டாம் ஆண்டில் நிலையம் பூட்டிக் கிடப்பதைக் காணலாம்.

சாக்கடையும் அகலமான சாலையும் உள்ள நகர்ப்பகுதி, பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. (கட்டணம் கட்டிப் பெறும் கூடுதல் தளப்பரப்பு) வாங்கும் திட்டம், 25,000க்கு மேல் போகும் பரப்பு என்றால் தயங்காமல் இந்த வழி.

## 8(பி): நகரியம்

இதற்குள் வருபவர்கள் பெரிய நிறுவனங்கள், ஆகவே சுருக்கமாக. முதலில் ஆய்வு வரையறை வாங்க வேண்டும். பிறகு அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் வழியாகக் காற்று, ஒலி, நீர், மண், உயிரினங்கள் என மழைக்காலம் அல்லாத ஒரு பருவம் அளவீடு. காற்றுக்கு வாரம் இரண்டு முறை, 12 வாரம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பதால், செப்டம்பரில் வரையறை கிடைத்தால் அளவீடு ஜனவரியில்தான் தொடங்கும். நான்கு மாதம் சும்மா போகும். டிசம்பரில் கையில் வரும்படி விண்ணப்பித்தால் அது மிச்சம்.

இங்கே உள்ள நன்மை, பல கட்டங்களாக விரியும் திட்டத்தை ஒரே அனுமதியில் அடக்கலாம் என்பது. 1,40,000 சதுர மீட்டருக்கு 8(ஏ) வாங்கி, பிறகு 20,000 சேர்ப்பவர் முழுத் தாக்க மதிப்பீட்டுக்கு அப்போது போக வேண்டியிருக்கும். அதுவும் ஆட்கள் குடியேறிய பின், கழிவுநீர் ஓடத் தொடங்கிய பின்.

## பிரித்துக் காட்டும் குறுக்குவழி

36,000 சதுர மீட்டர் திட்டத்தை 18,000, 18,000 என்று அண்ணன் பெயரிலும் தம்பி பெயரிலும் போடுவது. ஒரே நுழைவாயில், ஒரே சுற்றுச்சுவர், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், ஒரே விளம்பரம் இருந்தால் அது ஒரே திட்டம். ரெரா தளத்தில் நீங்களே ஏற்றிய வரைபடங்கள் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடியவை.

பிடிபட்டால் என்ன ஆகும்? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் சிறைத்தண்டனை போய், 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று மாறியது. "பதினைந்து லட்சம்தானே" என்று கணக்குப் போடுபவர்கள் 2018இல் புனே நகரத் திட்டம் ஒன்றில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். அங்கேயும் சண்டை எஃப்.எஸ்.ஐ. பரப்பா, மொத்தப் பரப்பா என்பதுதான். விதிக்கப்பட்டது 100 கோடி ரூபாய் அல்லது திட்ட மதிப்பில் 10 சதவீதம், எது அதிகமோ அது. கட்டியபின் அனுமதி வாங்கும் வழியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அடைத்தது, நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அந்த ஆறு மாதத்தில் விற்றும் ஒப்படைக்க முடியாமல் நின்றவர்களின் வட்டியை எந்த அபராத அட்டவணையிலும் காண முடியாது.

## ஒப்பந்தம் போடும் முன்

கட்டடக்கலைஞரிடம் தளவாரியாக இரண்டு பத்தியில் பரப்புப் பட்டியல் கேளுங்கள்: எஃப்.எஸ்.ஐ.யில் சேர்வது, சேராதது. இரண்டையும் கூட்டிய எண்தான் நீங்கள் எந்த வழியில் போகிறீர்கள் என்று சொல்லும். அது 18,500க்கும் 22,000க்கும் இடையில் வந்தால் மேலே உள்ள வட்டிக் கணக்கைப் போடுங்கள். சாக்கடை இணைப்புக் கடிதமும் நீர்வளத் துறைச் சான்றும் கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

கூட்டு ஒப்பந்தம் என்றால், கட்டி முடிக்கும் காலக்கெடு ஒப்பந்தத் தேதியிலிருந்து ஓடுகிறதா, சுற்றுச்சூழல் அனுமதி வந்த தேதியிலிருந்து ஓடுகிறதா என்பதை எழுத்தில் வையுங்கள். நில உரிமையாளராக இருந்தால் அனுமதிக்கும் ஒரு வெளி எல்லை கேளுங்கள், உதாரணமாக 12 மாதம், அதற்குள் வராவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையோடு. கட்டுநராக இருந்தால், மிச்ச நீருக்கு வழி கிடைக்காமல் திட்டம் சுருங்கினால் பங்கு விகிதம் எப்படி மாறும் என்ற பிரிவு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.